பாயுறைக்கு எந்த நிறம்? லங்காவி வெயிலில் போட்ட கணக்கு

போன பிப்ரவரியில் எங்கள் பாய்மரப் படகின் பாயுறையை, அதாவது மடித்த பாயை மூடிவைக்கும் துணியுறையை, கழற்றப் போனேன். ஸிப்பை இழுத்ததும் ஸிப் ஒரு பக்கம், துணி ஒரு பக்கமாகப் பிரிந்து கையோடு வந்துவிட்டது. துணி கிழியவில்லை, தையல்தான் விட்டிருந்தது. நூலை நகத்தால் நிமிண்டினால் ஊதுவத்திச் சாம்பல் மாதிரி உதிர்ந்தது. உறையை விரித்துப் பார்த்தேன். எங்களுக்கு முன்னால் படகை வைத்திருந்தவர் ஒயின் நிறத்தில் தைத்தது. மடிப்புக்குள் அந்த ஒயின் நிறம் அப்படியே இருக்கிறது. வானத்தைப் பார்த்துக் கிடந்த முதுகுப்பக்கம் மட்டும் தண்ணீர் கூடிப்போன ரோஸ்மில்க்.

படகு 31 அடி. நானும் என் மச்சினனும் ஆளுக்குப் பாதி. மலேசியாவின் லங்காவித் தீவில் கட்டிப் போட்டிருக்கிறோம். மாதம் ஒன்றிரண்டு தடவை ஓட்டுவோம், மற்ற நாளெல்லாம் அது வெயிலில்தான் நிற்கும். தீவின் குவா டவுனில் கேன்வாஸ் தைக்கும் அண்ணன் ஒருவர் துணித் துண்டுகளை ஒரு கொத்தாகக் கொடுத்து, “வீட்டுல வச்சுப் பேசிட்டு வாங்க தம்பி” என்று அனுப்பினார். பேசினோம். மச்சினனுக்கு வெள்ளைதான் வேண்டும். “வெயிலுக்கு வெள்ளைதானே மாமா போடுவாங்க?” என்பது அவன் வாதம். நான் கருநீலத்தில் நின்றேன். கருநீலம்தான் வெயிலை உள்ளே விடாது என்று எங்கேயோ படித்த ஞாபகம். இரண்டிலுமே பாதி உண்மை இருந்தது. அதனால்தான் சண்டை ஒரு வாரம் நீண்டது.

முதலில் அந்த உறைக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பருத்திப் பாய் இருந்த காலத்தில் உறையின் வேலை வேறு. அப்போது பகை ஈரமும் பூசணமும். பழைய படகுகளின் செம்பழுப்புப் பாய்கள் அழகுக்காக வந்தவை இல்லை, மரப்பட்டைச் சாயத்தில் ஊறவைத்து மக்காமல் காத்தவை. நம் கடற்கரைகளில் வலையைப் பனிச்சங்காய்ச் சாற்றில் தோய்த்ததும் இதே கணக்குதான். 1950களில் பாய்த்துணியாக டேக்ரான் வந்தது. அது பாலியெஸ்டர்தான், டேக்ரான் என்பது ட்யூபாண்ட் கம்பெனி வைத்த பெயர். பாலியெஸ்டர் ஈரத்தில் மக்காது. ஆனால் புற ஊதாக் கதிர் அதன் இழையை உள்ளுக்குள் அறுத்துவிடும். அதிலும் 315 நானோமீட்டருக்குக் கீழே உள்ள புற ஊதா-பி கதிர்தான் அதற்கு எமன். வீட்டு ஜன்னலில் தொங்கும் பாலியெஸ்டர் திரை பத்து வருடம் தாங்குகிறதே, எப்படி? கண்ணாடி அந்தக் கதிரைப் பெரும்பாலும் தடுத்துவிடுகிறது. படகின் பாய்க்குக் கண்ணாடி கிடையாது. அதற்கு உறைதான் கண்ணாடி.

லங்காவி பூமத்திய ரேகைக்கு ஆறு டிகிரி சொச்சம் வடக்கே இருக்கிறது. ஏப்ரல் முதல் வாரத்திலும் செப்டம்பர் முதல் வாரத்திலும் நடுப்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடும். பாய்மரத்தின் நிழல் அதன் காலடியிலேயே கிடக்கும். உலகச் சுகாதார அமைப்பின் புற ஊதாக் குறியீட்டில் 11-ஐத் தொட்டாலே ‘மிகத் தீவிரம்’. இந்த ஊருக்கு அது சர்வசாதாரணம். மேகம் போட்டால் தப்பித்தோம் என்றும் இல்லை. மெல்லிய மேகம் புற ஊதாவில் பெரும்பகுதியைக் கீழே விட்டுவிடும். ஐரோப்பாவில் ஆறு மாதம் படகைக் கரையேற்றிக் கொட்டகையில் வைத்துவிடுகிறவர்கள் சொல்லும் ஆயுள் கணக்கை இங்கே அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

சரி, நிறம். ஒரே நூல், ஒரே நெசவு, ஒரே கனம் என்றால் கருநிறத் துணி புற ஊதாவை அதிகம் விழுங்கும், உள்ளே குறைவாக விடும். மெல்லிய துணியில் இந்த வித்தியாசம் பெரிது. வெள்ளை வேட்டியை விரித்து வெயிலில் பிடித்தால் உங்கள் கை நிழல் அதில் தெரியும். அதே கனத்தில் கறுப்புத் துணி என்றால் தெரியாது. ஆனால் பாயுறைக்குப் போடுவது வேட்டித் துணி இல்லையே. பரவலாகப் போடுவது சன்பிரெல்லா மாதிரியான அக்ரிலிக் கேன்வாஸ். சதுர மீட்டருக்கு 310 கிராம் சொச்சம் கனம், நெருக்கமான நெசவு. தையல்காரர் கொடுத்த துண்டுகளை ஒவ்வொன்றாகச் சூரியனுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். கருநீலத்தில் ஊசிமுனை அளவு ஒளிப்புள்ளிகூட இல்லை. வெளிர் நிறத் துண்டு லேசாக ஒளிர்ந்தது, அகல்விளக்கைக் கையால் மறைத்தால் விரலிடுக்கு சிவக்குமே அந்த அளவுக்கு. ஆனால் கண்ணுக்குத் தெரியும் அந்த ஒளி வேறு, பாயைத் தின்னும் புற ஊதா வேறு. வெள்ளைக்கு வழக்கமாகச் சேர்க்கிற டைட்டானியம் டை ஆக்ஸைடு புற ஊதாவை நன்றாகவே விழுங்கும். ஆக, நல்ல கனத் துணி என்றால் வெள்ளையோ நீலமோ உள்ளே இருக்கும் பாய் பிழைத்துக்கொள்ளும். என் கருநீல வாதம் இங்கேயே பாதி சரிந்துவிட்டது.

நிறத்தைவிடப் பெரிய கேள்வி, அந்த நிறம் துணிக்குள் எப்படிப் போனது என்பது. இட்லி மாவிலேயே மஞ்சள்தூள் கலந்து வேகவைத்தால் பிட்டுப் பார்த்தாலும் உள்ளே மஞ்சள். வெந்த இட்லி மேல் பொடி தூவினால் தட்டினாலே போய்விடும். இழையாக இழுப்பதற்கு முன்பே கூழில் நிறமியைக் கலந்துவிடும் அக்ரிலிக் முதல் ரகம். அமெரிக்காவில் க்ளென் ரேவன் நிறுவனம் 1961-ல் சன்பிரெல்லாவைக் கடைகளின் வெயில்மறைப்புக்காகக் கொண்டுவந்ததே இந்த முறையில்தான். நெய்த பிறகு சாயம் ஏற்றிய பாலியெஸ்டர் இரண்டாவது ரகம். புதிதில் இரண்டும் ஒன்று போலவே பளபளக்கும். பாலியெஸ்டர் இழுபலத்தில் ஒரு படி மேலே, உரசலையும் நன்றாகத் தாங்கும், விலையும் இறக்கம். ஆனால் வெளுக்கும். எங்கள் ரோஸ்மில்க் உறை அந்த ரகம்தான் என்று தையல்காரர் தொட்டுப் பார்த்தே சொல்லிவிட்டார்.

மளிகைக்கடை வாசலில் கட்டும் நீலத் தார்ப்பாயைப் பற்றி ஒரே வரி: வேண்டாம். வருடம் திரும்புவதற்குள் செதில் செதிலாக உதிர்ந்து கடலில் கலக்கும், பாயிலும் ஒட்டும்.

இனி கொத்தில் இருந்த துண்டுகள்.

ஒயின் நிறத்தை முதலில் தள்ளினோம். அழகு, மறுக்கவில்லை. ஆனால் சிவப்புக் குடும்பத்து நிறமிகள் பல வெயிலில் சீக்கிரம் சோர்ந்துவிடும். நீலத்துக்கும் பச்சைக்கும் தாலோசயனின் வகை நிறமிகள் இருக்கின்றன, கல் மாதிரி நிற்கும். தெருவோரத்துப் பழைய பெயர்ப்பலகைகளில் பார்த்திருப்பீர்கள், சிவப்பு எழுத்து காணாமல் போயிருக்கும், நீல எழுத்து மட்டும் மிச்சமிருக்கும். நிறமியைக் கூழிலேயே கலந்த நல்ல அக்ரிலிக்கில் சிவப்பும் பல வருடம் தாங்கும்தான். இருந்தாலும் ஒரு தடவை சூடுபட்ட பூனை நாங்கள்.

கருநீலத்தைப் பற்றி ஒரு மத்தியானம் சோதித்தே பார்த்தேன். பகல் ஒரு மணிக்குப் படகுத்துறை நடைபாதையில் போய், பக்கத்தில் கட்டியிருந்த படகுகளின் உறைகள் மேல் ஒவ்வொன்றாக உள்ளங்கையை வைத்தேன். (பக்கத்துப் படகு ஆஸ்திரேலியக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அப்புறம் விஷயம் தெரிந்து அவரும் கூடவே நடந்தார்.) வெளிர் நிற உறையில் கையை வைத்துக்கொண்டே கதை பேசலாம். நடுத்தர நீலத்தில் சுடுகிறது, ஆனால் தாங்கலாம். கருநீலத்தில் மூன்று எண்ணுவதற்குள் கையை எடுத்துவிட்டேன்; தோசைக்கல்லை அடுப்பிலிருந்து இறக்கிக் கொஞ்ச நேரம் ஆன பதம்.

இந்தச் சூடு பாயைக் கெடுக்குமா? டேக்ரான் பாய் என்றால் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். பாலியெஸ்டர் உருக 250 டிகிரிக்கு மேல் வேண்டும், உறைக்குள் அதில் கால்பங்கு சூடுதான் ஏறும். பிலிமும் இழையும் பசையில் ஒட்டிய லேமினேட் பாயாக இருந்தால் கதை வேறு. சூடும் ஈரமும் சேர்ந்தால் பசை விடும், பாய் அடுக்கடுக்காக உரியும். அப்படிப்பட்ட பந்தயப் பாய் வைத்திருப்பவர்கள் கருநீலத்தின் பக்கம் போகாமல் இருப்பது நல்லது. எங்களுக்கு அந்தக் கவலை இல்லை என்றாலும் வேறு ஒரு தொல்லை உண்டு. மழையில் நனைந்த பாயை அவசரத்தில் மடித்து மூடிவிடுவோம். மறுநாள் வெயிலில் கருநீல உறைக்குள் இட்லிப் பானை மாதிரி ஆவி எழும். உறையின் அடிப்பக்கத்தை இறுக்கமாக மூடாமல் நாலு விரல் திறந்து வைத்துத் தைத்தால் காற்றோடி அது வெளியே போய்விடும். அந்தத் திறப்பில் மைனா கூடு கட்டும் என்பது லங்காவிக்கே உரிய பின்குறிப்பு. போன வருடம் மெயின்சேல் என்கிற பெரிய பாயை ஏற்றியபோது தலைமேல் ஒரு கூடை வைக்கோல் கொட்டியது.

வெள்ளை, அல்லது நேச்சுரல் என்று விற்கும் தயிர் நிறம். சூடு ஏறாது, வெளுக்க அதில் ஒன்றும் இல்லை. மச்சினன் பக்கம் இதுவரைக்கும் சரி. பிரச்சினை அழுக்கு. அக்ரிலிக்கைப் பூசணம் தின்னாது. அதன் மேல் படிந்த தூசியையும் எச்சத்தையும் தின்றுதான் வளரும். லங்காவியில் மே முதல் அக்டோபர் வரை மழை, நடுவில் சுமத்ராவில் காடு எரிந்தால் புகைமூட்டமும் சேரும். தயிர் நிறத்துணியில் முதலில் மிளகுத்தூள் தூவினாற்போலக் கரும்புள்ளி வரும், கவனிக்காமல் விட்டால் மாதம் ஒன்றில் அது படையாகப் பரவிவிடும். கூழில் நிறம் கலந்த அக்ரிலிக்குக்கு ஒரு வசதி, பிளீச் போட்டே கழுவலாம், நிறம் போகாது. நாலு லிட்டர் தண்ணீருக்கு ஒரு கப் பிளீச், கால் கப் சோப்பு, கால்மணி நேரம் ஊறல், மெதுவான தேய்ப்பு, நிறையத் தண்ணீர், காற்றில் உலர்த்தல். ஆனால் பிளீச்சோடு சேர்ந்து துணியின் நீர்விலக்கும் பூச்சும் போய்விடும், அதைத் திரும்ப அடிக்க வேண்டும். மாதம் ஒன்றிரண்டு தடவை படகுக்குப் போகிறவர்கள், போன நாளில் பாய் விரிப்பார்களா, துணி துவைப்பார்களா? மச்சினனிடம் இதைக் கேட்டேன். “நான் துவைக்கிறேன் மாமா” என்றான். என் அக்காவைக் கட்டிய மாமாவும் கல்யாணத்துக்கு முன்னால் சமையல் செய்வேன் என்றுதான் சொன்னார்.

நடுத்தர நீலம். பசிபிக் புளூ என்ற பெயரில் உலகத்துப் படகுத்துறைகளிலெல்லாம் இதுதான் கிடக்கிறது. பள்ளிச் சீருடை மாதிரி. தூரத்திலிருந்து பார்த்தால் நம் படகு எது என்று தெரியாது என்பதுதான் இதன் மேல் எனக்குள்ள முதல் புகார். ஆனால் தையல்காரர் ஒன்று சொன்னார், அது மனதில் நின்றுவிட்டது. “தம்பி, உறை மொத்தமா ஒரே நாள்ல போகாது. பாய்மரத்துக்கிட்ட உரசுற இடம் முதல்ல போகும். அஞ்சு வருசம் கழிச்சு அதே நிறத்துல அரை மீட்டர் வேணும்னு வருவீங்க. இந்த நீலம்னா என்கிட்ட எப்பவும் இருக்கும். மத்ததுக்கெல்லாம் ஆர்டர் போட்டுக் காத்திருக்கணும்.” பினாங்கிலோ ஃபுக்கெட்டிலோ போய்க் கிழிந்தாலும் இதே துணி கிடைக்கும். எவ்வளவு வெளுக்கும், எவ்வளவு சுடும் என்பதையெல்லாம் ஒப்பிட்டுக்கொண்டிருந்த எனக்கு இந்தக் கோணம் தோன்றவே இல்லை.

கடைசியாகச் சாம்பல். வெளிர் சாம்பலும் இல்லை, கரிச்சாம்பலும் இல்லை, மழைக்கு முந்தைய கடல் மாதிரி இடைப்பட்டது. சூடு நடுத்தர நீலத்தை ஒட்டியே இருந்தது. கடல் உப்பு காய்ந்தால் சாம்பல், புகைமூட்டத்துத் தூசி சாம்பல், காக்கை எச்சம் வெள்ளையும் சாம்பலும். கருநீலத்தில் ஒரு எச்சம் விழுந்தால் வானத்தில் நட்சத்திரம் பூத்தாற்போல அடுத்த துறைவரைக்கும் தெரியும். சாம்பலில் எல்லாமே அமுங்கிப்போகும். சோம்பேறிகளுக்கென்றே நெய்த நிறம். எனக்குப் பிடித்துவிட்டது.

நிறத்துக்கு இவ்வளவு மல்லுக்கட்டியும், உறை பிரிந்ததற்குக் காரணம் நிறம் இல்லையே. நூல்தான். சன்பிரெல்லாவுக்குக் கம்பெனி பத்து வருட உத்தரவாதம் தருகிறது, ஆனால் துணிக்கு மட்டும். தையல் கூலிக்கு இல்லை. வழக்கமாகத் தைக்கும் பாலியெஸ்டர் நூல் இந்த வெயிலில் துணிக்கு வெகுகாலம் முன்பே இற்றுவிடும். தையல் எப்போதும் துணியின் மேலே புடைத்துக்கொண்டு நிற்கிறது. வெயிலும் அதற்கே, உரசலும் அதற்கே. அப்புறம் பழைய உறையை மறுதையல் போட வேண்டும், அதன் கூலி புது நூலின் விலையைப்போலப் பல மடங்கு. பாத்திரத்தில் ஒட்டாமல் இருக்க டெஃப்லான் என்று தடவுகிறார்களே, அதே பிடிஎஃப்ஈ பொருளில் நூல் இருக்கிறது. டெனாரா என்பது அதில் தெரிந்த பெயர். புற ஊதா அதை ஒன்றும் செய்யாது, துணி போனாலும் நூல் இருக்கும். விலைதான் கேட்டதும் திக்கென்றது. ஆனால் ஒரு உறைக்கு எவ்வளவு நூல் போகிறது என்று தையல்காரரைக் கணக்குப் போடச் சொன்னால், மொத்தச் செலவில் அது சிறு பங்குதான்.

அந்த விலை வேண்டாம் என்கிறவர்களுக்கு இங்கேதான் நிறம் உண்மையாகவே வேலை செய்கிறது. பாலியெஸ்டர் நூலில் கறுப்பு வெள்ளையைவிட நிதானமாகப் போகும். கறுப்புப் பிளாஸ்டிக்கில் கலக்கும் கார்பன் புற ஊதாவைத் தானே வாங்கிக்கொள்கிறது. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி கறுப்பாக இருப்பதற்கும் அதுவே ஒரு காரணம். ஸிப்புக்கும் இதே நியாயம், வெள்ளைப் பிளாஸ்டிக் பல்லைவிடக் கறுப்புப் பல் தாங்கும். தயிர் நிறத்துக்குக் கறுப்பு நூல் போடலாமா என்று தையல்காரரைக் கேட்டேன். “எறும்பு வரிசை போற மாதிரி இருக்கும், உங்களுக்குப் பரவாயில்லன்னா எனக்கென்ன” என்றார். வெள்ளைக்கு எதிராக விழுந்த கடைசி ஓட்டு அது. சாம்பலிலோ நீலத்திலோ கறுப்பு நூல் கண்ணை உறுத்தாது.

மேலே நாங்கள் உட்காரும் இடத்துக்குப் போடும் பந்தலைச் சேர்த்துத் தைக்கலாம் என்ற பேச்சும் வந்தது. அதற்கு உறையின் நியாயம் பொருந்தாது. உறைக்கு உள்ளே பாய் இருக்கிறது, பந்தலுக்குக் கீழே ஆள் இருக்கிறான். கரும்பந்தல் சுட்டால் அந்த அனல் தலையில் இறங்கும். வெளிர்ப்பந்தலுக்குக் கீழே அனல் குறைவு, ஆனால் தண்ணீரில் பட்டு மேலே வரும் ஒளி அதன் அடிப்பக்கத்தில் பட்டுக் கண்ணைக் கூசவைக்கும். இரண்டுக்கும் நடுவில் சாம்பல் மறுபடி எட்டிப் பார்த்தது. பந்தலை அடுத்த வருடத்துக்குத் தள்ளினோம், பணம்தான் காரணம்.

கடைசியில் முடிவு: பாயுறை சாம்பல், நூல் பிடிஎஃப்ஈ, ஸிப் கறுப்பு. அடிப்பக்கம் நாலு விரல் திறப்பு, அதற்கு மைனா நுழையாமல் வலை. தையல்காரர் சொன்ன ஒட்டுத்துணி நியாயத்துக்காக அதே சாம்பலில் ஒரு மீட்டர் கூடுதலாக இப்போதே வாங்கி, கீழறையில் மெத்தைக்கு அடியில் போட்டுவிட்டோம். அந்த ஒரு மீட்டரைப் பார்த்ததும்தான் நடுத்தர நீலத்தை விட்டுக்கொடுக்க மனம் வந்தது. சாம்பல் வாங்கி மிச்சத்துணி வாங்காதவர்கள் பேசாமல் நீலமே எடுக்கலாம்.

முன்பாய் மட்டும் தனி வழக்கு. அது உறைக்குள் போகாது, முன்கம்பியைச் சுற்றிச் சுருட்டியபடியே நிற்கும். சுருளின் வெளிப்பக்கம் வருகிற ஓரங்களில் ஒரு பட்டைத் துணி தைத்துவிடுவார்கள், வெயிலை அது வாங்கிக்கொள்ளும். வெள்ளையில் லேசான பட்டை போட்டால் பாயின் கனம் கூடாது, மெல்லிய காற்றிலும் பாய் நன்றாக விரியும், பார்க்கவும் லட்சணம். மச்சினன் அதையே கேட்டான். நான் கருநீல அக்ரிலிக் கேட்டேன். இந்த ஒரு இடத்தில் நான் ஜெயித்ததற்குக் காரணம் புற ஊதாவும் இல்லை, சூடும் இல்லை. பாயைச் சரியாகச் சுருட்டாமல் கயிற்றை விட்டுவிட்டால் பட்டைக்குப் பக்கத்தில் பாய் கொஞ்சம் வெளியே தெரியும். வெள்ளைப் பட்டைக்குப் பக்கத்தில் வெள்ளைப் பாய் தெரிந்தால் யார் கண்ணிலும் படாது. அந்த ஒரு முழம் மாதக்கணக்கில் வெயிலில் வெந்துகொண்டிருக்கும். கருநீலத்துக்குப் பக்கத்தில் வேட்டி நுனி மாதிரி வெள்ளை எட்டிப் பார்த்தால் நடைபாதை முனையிலிருந்தே தெரியும். போன வாரம் தெரிந்தது. கடைசியாகப் படகைக் கட்டிவிட்டு வந்தவன் மச்சினன்தான்.